நல்லமுத்தன்பட்டிப் பள்ளியின் சராசரி எடை

சத்துணவு வருவதற்கு முன்னால் வேதமணி வாத்தியாருக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பாடம் நடத்துவது. அதிலும் பாதி நாள் நடத்துவதற்குப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கடம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே கரிசலுக்குள் நடந்தால் நல்லமுத்தன்பட்டி. விடியுமுன்னே அங்கே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நின்றுவிடும். தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஊரில் ஆபீஸுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பால்பல் விழுந்து முடிந்திருக்கவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் மத்தியானச் சோறு வந்தது. மூன்றாம் வகுப்பு நடந்த அறை அடுப்படி ஆனது. மூன்றாம் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. உதவி ஆசிரியர் இடம் ஏற்கெனவே காலி; சத்துணவு அமைப்பாளர் இடமும் உண்டாக்கப்பட்ட அன்றே காலியானது. எனவே அரிசிக்கும் பருப்புக்கும் விறகுக்கும் தலைமையாசிரியர் வேதமணியே பொறுப்பு. சமையலுக்குச் சுடலையம்மாளைப் போட்டார்கள். கலியாண வீடுகளில் ஆக்கிப் பழகியவள். அவள் கொதிக்க வைத்த சாம்பார் வாசம் காட்டைத் தாண்டிப் போகும் என்று ஊரில் சொன்னார்கள். போனது உண்மைதான். தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் மறு வாரமே ஆள் குறைந்தது.

முதலில் வந்தவள் பத்திரகாளி. எட்டு வயது. குச்சி குச்சியாகக் கை கால். தகப்பன் இல்லை. தாய் வேலுத்தாய் மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகிறவள். இந்தப் பிள்ளை இரண்டு வருஷமாக மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தது. சோறு தொடங்கிய அன்றைக்கு ஒரு அலுமினியத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றது.

“சார், இங்கன சோறு போடுதாவளாமே?”

“போடுவாவ. பாடமும் உண்டு.”

“பாடம் முதல்லயா, சோறு முதல்லயா?”

“பாடம்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து உள்ளே வந்தாள்.

தொடக்க விழா நண்பகலில் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போடுவதைத் தொடங்கி வைக்க ஒரு பெரியவர் வரவேண்டும், அதற்குமுன் யாரும் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு. சோறு வெந்தது, ஆறியது, விறைத்தது. பிள்ளைகள் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வந்தபோது ஆடுகள் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன.

“குழந்தைகளே, பசி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்” என்று அவர் ஆரம்பித்தார். “இன்றைக்குக் கோவில்பட்டியில் எங்களுக்கு மதிய விருந்து. அங்கே இலை போடவே மூன்று மணி ஆகிவிட்டது. அதுவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் உங்களை நினைத்தேன்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டினால் பேச்சு முடியும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது தவறான தகவல். கைதட்டலைக் கேட்டு உற்சாகமான பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். அதன்பின் முதல் கரண்டிச் சோற்றைப் பத்திரகாளியின் தட்டில் போட்டார். புகைப்படக்காரரின் விளக்கு எரியவில்லை. தட்டிலிருந்த சோற்றை மறுபடி சட்டியில் தட்டி, மறுபடி போட்டார்கள். மறுபடியும் எரியவில்லை. கடைசியாக எரிந்தபோது பத்திரகாளி சோற்றைப் பார்க்கவில்லை, தட்டைப் பறிக்க வருகிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அப்படித்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் யாரும் வரவில்லை. அதனால் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. பத்திரகாளி நாலாம் வாய்பாடு வரைக்கும் போனாள்.

அப்புறம் ஜீப் வந்தது. அதில் மேற்பார்வை அதிகாரி நந்தகோபால் இருந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எதையாவது கொடுத்துச் சரிக்கட்டியிருக்கலாம். அவர் உத்தரவுகளை நம்புகிறவர்.

“வடக்கே எங்கேயோ ஒரு பள்ளியில பிள்ளைங்க வாந்தி எடுத்திருக்கு” என்றார். “அதனால இனிமே தலைமையாசிரியர் முதல்ல ஒரு தட்டு சாப்பிடணும். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்காரணும். அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா பிள்ளைங்களுக்குப் போடலாம்.”

“ஏதாவது ஆச்சுன்னா ஐயா?”

“உடனே எங்களுக்குத் தகவல் சொல்லணும்.”

“யாரு சொல்லணும்?”

“தலைமையாசிரியர்தான்.”

“நான்தான் விழுந்து கெடப்பேனே.”

நந்தகோபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அந்த நிலைமை உத்தரவுல வரலை. வந்தா மேலே கேட்டுச் சொல்றேன்.”

வேதமணிக்கு வேறொரு சங்கடம் இருந்தது. “எனக்கு வயித்துப் புண்ணு ஐயா. மோர்ச்சோறு தவிர ஒண்ணும் தொடக்கூடாதுன்னு பாளையங்கோட்டை டாக்டரு சொல்லியிருக்காவ.”

நந்தகோபாலின் முகம் மலர்ந்தது. “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. உங்க வயித்துக்கே ஒத்துக்கிச்சுன்னா உலகத்துல எல்லாருக்கும் ஒத்துக்கும்.”

மறுநாளிலிருந்து அது நடந்தது. பிள்ளைகள் இரண்டு வரிசையாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். எதிரே நாற்காலியில் வேதமணி உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிடுவார். பிறகு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, சாகிறாரா என்று எல்லோரும் பார்ப்பதற்காக உட்கார்ந்திருப்பார். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வாய்பாடு சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இருமினால் வரிசை முழுவதும் பெருமூச்சு விட்டது.

“சார், ஒண்ணும் செய்யலையா?” என்று பத்திரகாளி கேட்டாள்.

“ஒண்ணும் செய்யலட்டி.”

“செய்யுததுன்னா சீக்கிரம் செஞ்சிரட்டும் சார். பசிக்குது.”

சுடலையம்மாள்தான் அதிகம் நொந்துபோனாள். “எத்தன கலியாணத்துக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். நான் ஆக்குன சோத்தத் தின்னுட்டு மனுசன் பொழைப்பாரா மாட்டாரான்னு பிள்ளையெல்லாம் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கு இது தேவையா சார்வாள்?”

“எனக்கு மட்டும் தேவையா?” என்றார் வேதமணி. அவருக்கு அந்த நாட்களில் சாயங்காலமானால் வயிற்றுக்குள் யாரோ கொள்ளிக்கட்டையைச் சொருகியதுபோல் இருந்தது. மனைவி எஸ்தர்ராணி மோரைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, “வேலைய விட்டுருங்களேன்” என்பாள். விடுவதற்கும் ஒரு அதிகாரி வந்து பார்க்கவேண்டியிருக்கும் என்று அவர் பேசாமல் படுத்துக்கொள்வார்.

புது மிளகாய் வற்றல் வந்த பருவத்தில் நந்தகோபால் திடீரென்று சோதனைக்கு வந்தார். வேதமணி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். நந்தகோபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றார். சாம்பார் உள்ளே போய்ப் புண்ணைத் தொட்டது. வேதமணி அறியாமலேயே அவர் கை வயிற்றுக்குப் போயிற்று.

“என்ன அது?” என்றார் நந்தகோபால்.

“ஒண்ணுமில்ல ஐயா. இது எப்பவும் உள்ளதுதான்.”

“வலிக்குதா இல்லையா?”

பொய் சொல்லி வேதமணிக்குப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். “வலிக்குது” என்றார். “பத்து வருசமா வலிக்குது.”

“இருக்கலாம். ஆனா அரை மணி நேரத்துக்குள்ள வலிச்சிருக்கே.”

அதோடு முடிந்தது. பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார்கள். சோற்றையும் சாம்பாரையும் அதில் கொட்டினார்கள். பிள்ளைகள் தட்டுகளோடு குழியைச் சுற்றி நின்றார்கள். ஒரு பையன் குனிந்தான். ஜீப் டிரைவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். டிரைவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் பிடியை விடவில்லை. அன்றைக்கு அந்தி சாயும்முன் நாய்கள் குழியைத் தோண்டித் தின்றுவிட்டன. நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாய்களை ருசி பார்க்கச் சொல்லி உத்தரவு இல்லாததால் அது கணக்கில் சேரவில்லை.

அடுப்படி அறைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். ஒரு தூக்குச் சட்டியில் கொஞ்சம் சோறும் சாம்பாரும் மாதிரிக்காக எடுத்து, அதற்கும் அரக்கு வைத்து, மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது நேராக மதுரைக்குப் போகவில்லை. கோவில்பட்டியில் ஒரு மேஜையிலும் திருநெல்வேலியில் ஒரு மேஜையிலும் தங்கி, வழியில் ஒரு பண்டிகை விடுமுறையையும் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் பதில் வந்தது. மாதிரி கெட்டுப்போன நிலையில் இருக்கிறது, எனவே உணவு கெட்ட உணவு என்று சொன்னார்கள்.

வேதமணி கோவில்பட்டிக்குப் போய் நந்தகோபாலைப் பார்த்தார். “இத்தன நாளு ஆன சோறு கெட்டுப்போகாம என்ன ஐயா செய்யும்?”

“நீங்க சொல்றது நியாயம்” என்றார் நந்தகோபால். “அதனாலதான் இன்னொரு மாதிரி கேட்டிருக்காங்க. புதுசா ஆக்கின சோறு அனுப்புங்க. அது நல்லதுன்னு வந்தா அடுப்படியைத் திறந்துவிடலாம்.”

“அடுப்படியத் தெறந்தாத்தானே ஆக்க முடியும்?”

“நல்லதுன்னு வந்தாத்தானே திறக்க முடியும்?”

 பிறகு நந்தகோபால் தேநீர் வரவழைத்தார். வேதமணி வயிற்றைக் காரணம் சொல்லி வேண்டாமென்றார்.

பூட்டு தொங்கத் தொடங்கிய முதல் வாரம் பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். அடுத்த வாரம் தட்டில்லாமல் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வரவில்லை. ஊரில் ஆடு மாடும் கொஞ்சம் நிலமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் விடியலில் வேதமணி தீப்பெட்டி ஆபீஸ் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனார். வண்டிக்கு ஆள் சேர்க்கிற மாயகிருஷ்ணன் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே ஏறினார்கள். பத்திரகாளி தாயின் இடுப்பில் சாய்ந்து நின்றாள்.

“சார்வாள் இங்கன எங்க?” என்று கேட்டார் மாயகிருஷ்ணன். “சோதனைக்கு வந்தியளா?”

வேதமணி வேலுத்தாயின் பக்கம் திரும்பினார். “வேலுத்தாயி, பிள்ள படிச்சிக்கிட்டிருந்துச்சே. இன்னும் கொஞ்ச நாளு பொறுக்கக்கூடாதா?”

வேலுத்தாய் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். “ஒங்க மேல குத்தம் சொல்லல சார். ஒங்க சோறு வருது, திடீர்னு நின்னுபோவுது. எப்ப வரும், எப்ப நிக்கும்னு ஒங்களுக்கே தெரியாது. இந்த வண்டி ஒரு நாளு நின்னதில்ல சார். மழையில வந்திருக்கு. தீவாளிக்கு மறுநாளே வந்திருக்கு. நான் எத நம்பட்டும்?”

வண்டி கிளம்பியது.  வேதமணி அந்தக் கேள்விக்குத் தனக்குத் தெரிந்த வேதத்தில் பதில் தேடிப் பார்த்தார், அதில் இல்லை.

அடுப்படி திறந்தது பரிசோதனையால் அல்ல. மேலிடத்து அதிகாரி ஒருவர் எப்போதும்வென்றான் ஊர் வழியாகச் சுற்றுப்பயணம் போகிறார், ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாப் பள்ளியிலும் புகை தெரியவேண்டும் என்று செய்தி வந்தது. அன்று காலையே நந்தகோபால் வந்து அரக்கை உடைத்தார். கெட்ட சோறு, நல்ல சோறு என்ற பேச்சே எழவில்லை. சுடலையம்மாள் அரிசியில் விழுந்திருந்த வண்டுகளைப் புடைத்து எடுத்துவிட்டு உலை வைத்தாள். புகை நன்றாகத்தான் எழுந்தது. அதிகாரி வேறு ரோட்டில் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்க்கிற குழு வந்தது. திட்டம் தொடங்கியபோது ஒரு தடவை நிறுத்திருந்தார்கள். இது இரண்டாவது. மிச்சமிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எடை மேடையில் ஏறி இறங்கினார்கள். குழுத் தலைவர் கூட்டினார், வகுத்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தார். பிறகு எழுந்து வேதமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாலுகாவிலேயே சராசரி எடை அதிகமாக ஏறிய பள்ளி நல்லமுத்தன்பட்டிப் பள்ளிதான்.

கோவில்பட்டியில் விழா நடந்தது. வேதமணிக்கு மாலை போட்டு, தூக்க முடியாத கனத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரி பேசினார். “எல்லோரும் சோறு போடுகிறார்கள். சோறு போட்டால் எடை ஏறும். அதில் என்ன பெருமை? இந்தப் பள்ளியில் இடையில் சில வாரங்கள் சோறே போடப்படவில்லை என்று அறிகிறேன். அப்படியும் எடை ஏறியிருக்கிறது! இதுவல்லவா நிர்வாகம்!” கூட்டம் கை தட்டியது. “இது எப்படி முடிந்தது என்று தலைமையாசிரியர் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்.”

வேதமணி ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார். அவருக்குக் களைப்பாக இருந்தது. சுற்றி வளைத்துப் பேசுவதற்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

“மெலிஞ்ச பிள்ளையெல்லாம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டு ஐயா” என்றார். “வீட்டுல சோறு உள்ள பிள்ளைதான் மிச்சம். அதான் சராசரி கூடியிருக்கு. நாங்க ஒண்ணும் செய்யல.”

 முன்வரிசையில் நந்தகோபால் தலையைக் குனிந்துகொண்டார். தலைமை தாங்கியவர் சட்டென்று ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“‘நாங்கள் ஒன்றும் செய்யவில்லை’ என்கிறார். எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள்!”

இந்தத் தடவை கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

கேடயத்தைப் பள்ளி அலமாரிமேல் வைத்துவிட்டு வேதமணி மறுபடி வேலுத்தாய் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“அடுப்பு எரியுது வேலுத்தாயி.”

“பாத்தேன் சார். முன்னையும் எரிஞ்சுதுல்லா, நின்னுபோச்சு.” சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஒரு மாசம் நிக்காம பொகை வரட்டும். அப்புறம் பாப்போம்.”

நாடு முழுவதற்கும் போட்ட உத்தரவுகளில் இவ்வளவு தெளிவாக ஒன்றும் இருந்ததில்லை. வேதமணி அதை ஏற்றுக்கொண்டார். சுடலையம்மாளிடம் சொல்லி, உலையைக் காலையிலேயே முன்கூட்டி வைக்கச் செய்தார். அந்த அரை மணி நேரக் காத்திருப்பு பிள்ளைகள் வயிற்றைக் காயப்போடாமல் தன் வயிற்றோடு முடிந்துவிட வேண்டும். பிள்ளைகள் தட்டை எடுக்கிற நேரத்தில் சோறு தயாராக இருக்க வேண்டும்.

அந்த மாதத்தில் நந்தகோபால் ஒரு தடவை சோதனைக்கு வந்தார். சுடலையம்மாள் பயந்துபோய் மிளகாயைக் குறைத்திருந்தாள். ஆனாலும் புளி இருந்தது. வேதமணி சாப்பிட்டார். புண் எரிய ஆரம்பித்தது. இரண்டு கைகளையும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, நந்தகோபாலைப் பார்த்துச் சிரித்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது, சிரித்துக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் சிரித்ததில்லை.

“வலி ஏதாவது?” என்றார் நந்தகோபால்.

“இல்ல ஐயா.”

அது அவர் அறிந்து சொன்ன பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

நந்தகோபால் அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வேர்வையையும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, அரை மணி ஆகுமுன்னே, “ஆயிடுச்சு. பிள்ளைங்களுக்குப் போடச் சொல்லுங்க” என்றார். உத்தரவை மீறி அவர் செய்த காரியம், யாருக்கும் தெரிந்தவரை, அது ஒன்றுதான்.

புகை நிற்கவில்லை. மாதம் முடிந்த மறுநாள் பத்திரகாளி தட்டோடு வாசலில் நின்றாள். விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்து படிந்து பழுப்பேறிப்போயிருந்தது. நாலாம் வாய்பாடு மறந்துபோயிருந்தது. அவளைப் பார்த்து மற்றவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் ஆபீஸிலேயே நின்றுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் போனபோது இருந்ததைவிட மெலிந்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை எடை மேடை வந்தது. குழுத் தலைவர் கூட்டினார், வகுத்தார். இந்தத் தடவை யார் கையையும் குலுக்கவில்லை.

சில நாட்களில் ஜீப் வந்தது. நந்தகோபால் இறங்கி வந்து, உட்காராமல் பேசினார். “சராசரி எறங்கியிருக்கு. தாலுகாவுலயே கடைசி. மேலே காரணம் கேக்கிறாங்க.”

“பிள்ளையெல்லாம் திரும்பி வந்துட்டு ஐயா.”

“அது எனக்குத் தெரியுது. அது காரணமாகாது. எடை எறங்கினதுக்குத்தான் காரணம் கேக்கிறாங்க.”

“எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான். வேற தெரியாது.”

நந்தகோபால் பெருமூச்சு விட்டார். “கேடயத்தை வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“அலமாரி மேல இருக்கு. எடுத்துக்கிடுங்க.”

டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். ஜீப்பின் பின்சீட்டில் வைத்ததும் சீட்டு ஒரு பக்கமாக அமுங்கியது. சோற்று வரிசையில் உட்கார்ந்திருந்த பத்திரகாளி, வாயில் சோற்றோடு எழுந்து வேதமணியின் பக்கத்தில் வந்து நின்றாள். ஜீப் கண்மாய்க் கரையைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அத ஏன் தூக்கிட்டுப் போறாவ?”

“நீங்கள்லாம் மெலிஞ்சு வந்துட்டியள்லா. அதுக்குத்தான்.”

அவள் சோற்றை மென்று விழுங்கினாள். “அப்ப நான் நாளைக்கு வரவா, வேண்டாமா?”

“வா.”

“தங்கச்சியும் வாரேன்னு அழுவுது. ஆனா அவ என்னைய விட மெலிவு சார்.”

“கூட்டிட்டு வா” என்றார் வேதமணி.